பக்ஐ உருண்டைக்கு சாக்லேட் முக்குவது எப்படி?

அமெரிக்காவில ஓஹையோ மாநிலத்துப் பக்கம் இருக்கிற அக்காமாரே, ஒரு உதவி. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க பக்ஐ (பீநட் பட்டர் உருண்டையை சாக்லேட்டில் முக்கிச் செய்ற மிட்டாய்) செய்றேன். ஓவன்ல வேக வைக்கிற வேலையே இல்லை, அதுவே பெரிய நிம்மதி. ஒன்றரை கப் பீநட் பட்டர், அரை கப் வெண்ணெய், 3 கப் பொடிச்ச சர்க்கரை, கொஞ்சம் வெனிலா; பிசைஞ்சு உருட்டி ஃப்ரிட்ஜில் வைக்கிற வரை பிரச்சினை இல்லை.

பல்குச்சியில குத்தி சாக்லேட்டில் முக்கினா உருண்டை நழுவி உள்ளே விழுது. உச்சியில வட்டமா சாக்லேட் படாம விட்டாத்தான் பக்ஐ மரத்துக் கொட்டை மாதிரி இருக்கும். முழுசா மூழ்கினா வெறும் சாக்லேட் உருண்டைதான்! ஃப்ரீசர்ல வச்சு முக்கணுமா? சாக்லேட் இளக தேங்காய் எண்ணெய் விடலாமா, இல்லை வனஸ்பதி மாதிரி கெட்டிக் கொழுப்பான ஷார்ட்டனிங்தானா? எண்ணெய் மேலே மிதக்கிற நேச்சுரல் பீநட் பட்டர்ல செஞ்சவங்க இருந்தா, உருண்டை பிடிச்சுதான்னும் சொல்லுங்க.