மட்கும் பிளாஸ்டிக்கில் மரத்தூளும் நாரும்: மேம்பாடா, வெறும் நிரப்பலா?

நாரிழை:
பாலிலாக்டிக் அமிலம் போன்ற மட்கும் பிளாஸ்டிக்கோடு மரத்தூள், உமி, சணல் நார் முதலியவற்றைக் கலப்பது விலையைக் குறைக்கும் தந்திரம் மட்டுமே என்று வார்ப்பகத்தான் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. பி.எல்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தப் பொருள் சுமார் 60 டிகிரி செல்சியசிலேயே விறைப்பை இழக்கிறது. சூடான பானத்தை ஊற்றினால் கோப்பை நெளிவது இதனால்தான். நார் சேரும்போது விறைப்பு கூடுகிறது. நாரின் மேற்பரப்பில் படிகங்கள் விரைந்து உருவாக வாய்ப்பிருப்பதால், அச்சின் வெப்பத்தையும் நேரத்தையும் சரியாக வைத்துக்கொண்டால் பொருள் முன்னைவிட அதிகச் சூட்டைத் தாங்கும். கண்ணாடி இழையாலும் விறைப்பைக் கூட்டலாம். ஆனால் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம், தாவர நாரின் முதன்மைப் பொருளான செல்லுலோசுக்கோ 1.5 கிராம்தான். மேலும், கண்ணாடி மட்கவே மட்காது.

வார்ப்பகத்தான்:
விறைப்பு கூடுவதை நான் மறுக்கவில்லை; அதற்காக எதை இழக்கிறோம் என்பதை ஏன் சொல்லாமல் விடுகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். பி.எல்.ஏ. இயல்பிலேயே எளிதில் முறியும் பொருள். இழுத்தால் சில விழுக்காடு நீள்வதற்குள் உடைந்துவிடும். மரத்தூளைக் கலந்தபின் அந்தச் சிறு நெகிழ்வும் குறைகிறது. தூள் என்பது நார் அன்று. அதன் நீளம் அகலத்தைப்போலச் சில மடங்குதான் என்பதால், சுமையைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் வேலையை அது அரைகுறையாகவே செய்கிறது. நீண்ட நாரை இட்டாலோ, பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து தள்ளும் எந்திரமான எக்ஸ்ட்ரூடரின் திருகு அதை நறுக்கித் தள்ளிவிடுகிறது.

அடுத்தது ஈரம். பி.எல்.ஏ.வை உருக்குமுன் அதிலுள்ள ஈரம் 0.025 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வார்ப்பு வேலையில் பொதுவான விதி. அறைக் காற்றில் கிடக்கும் மரத்தூளோ நூற்றுக்கு எட்டுப் பத்துப் பங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். உருகிய நிலையில் அந்த நீர், பி.எல்.ஏ.வின் சங்கிலிக் கண்ணிகளை இணைக்கும் எஸ்டர் பிணைப்புகளை வெட்டி, மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் குறுக்கிவிடுகிறது. உலர்த்தும் நேரத்தைச் சுருக்கிப் பார்த்த ஒரு நாளில், உருகல் தேன்போல ஒழுகியதைக் கண்டிருக்கிறேன். வெப்பத்தைக் கூட்டியும் தப்ப முடியாது. 200 டிகிரியைத் தாண்டினால் மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பகுதி சிதையத் தொடங்கிப் பழுப்பு நிறமும் கருகல் வாடையும் வந்துவிடும்.

நாரிழை:
நீங்கள் சொல்பவை பெரும்பாலும் செய்முறைக் குறைகள். நன்றாக உலர்த்தலாம், காரக் கரைசலில் நாரைக் கழுவி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கலாம், சிலேன் என்ற சிலிக்கன் சேர்ந்த இணைப்பு வேதிப்பொருளைப் பூசி, நீரை நாடும் நாருக்கும் நீரை விலக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே பிடிப்பை உண்டாக்கலாம்.

உரக்குழி:
குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், இருவரும் வலிமையைப் பற்றியே பேசுகிறீர்கள், மட்குவதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐரோப்பியத் தரநிலையான இ.என். 13432, வேதிமாற்றம் செய்யப்படாத மரம், பருத்தி, சணல் போன்றவற்றைத் தனிச் சோதனை இல்லாமலே நுண்ணுயிர்களால் சிதையக்கூடியவையாக ஏற்கிறது. சிலேன் பூசிய நாருக்கு அந்தச் சலுகையை அப்படியே கோர முடியாது. அதைவிட முக்கியமானது கணக்கு. எடையில் 30 விழுக்காடு நார் கொண்ட துண்டொன்று மண்ணில் கிடந்து 25 விழுக்காடு எடை இழந்தது என்று வைத்துக்கொள்வோம். அழிந்தது முழுவதும் நாராகவே இருக்கலாம். பிளாஸ்டிக் அப்படியே கிடக்கலாம். மொத்த எடையிழப்பை மட்டும் காட்டி, நிரப்பியால் மட்குதல் விரைவுபட்டது என்று சொல்வதை நான் நம்புவதில்லை. பி.எல்.ஏ. மட்குவதற்குத் தொழிற்சாலை உரக்குவியலின் 58 டிகிரி அளவிலான சூடு வேண்டும். சாதாரண மண்ணின் சூட்டில் அது மிக மெதுவாகவே சிதையும். நார் சேர்த்ததால் அந்தத் தேவை மறைந்துவிடாது.

நாரிழை:
கணக்கைப் பற்றிய கண்டிப்பு நியாயமானது. ஆயினும் நீரை உறிஞ்சி உப்பிய நார் பிளாஸ்டிக்குக்குள் நுண்வெடிப்புகளை உண்டாக்கி, நீர் உள்ளே செல்ல வழி திறக்கிறது. உரக்குவியலின் சூட்டில் அந்த நீர் சங்கிலிகளை வெட்டும்போது துண்டு விரைவில் நொறுங்க வாய்ப்புண்டு.

வார்ப்பகத்தான்:
அதே நீர், பொருள் பயன்பாட்டில் இருக்கும்போதும் அதே வேலையைத்தான் செய்யும், நண்பரே. ஈரமான இடத்தில் அடுக்கி வைத்த தட்டு, வாங்குபவர் கைக்குப் போகுமுன்பே பலம் இழக்கலாம் அல்லவா?

நாரிழை:
தட்டைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் வருகிறேன். ஆனால் செடியோடு சேர்த்து மண்ணில் புதைக்கும் நாற்றுத் தொட்டிக்கு அந்தக் குறையே தகுதியாகிறது. அதற்குப் பி.எல்.ஏ.வை விட்டுவிட்டு, மண்ணிலேயே நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய பி.எச்.பி. என்ற இன்னொரு மட்கும் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்ளலாம்.

உரக்குழி:
வேதிப்பூச்சு இல்லாத மரத்தூள் என்றால் எனக்கு மறுப்பில்லை.

வார்ப்பகத்தான்:
எனக்கு ஒன்று உண்டு. பி.எச்.பி. ஏறத்தாழ 175 டிகிரியில் உருகும். அதற்குச் சற்று மேலேயே அதன் சங்கிலிகள் சிதையத் தொடங்கிவிடும். மரத்தூளோ உருகலின் பாகுத்தன்மையைக் கூட்டி, உராய்வால் இன்னும் சூடாக்கும். எவ்வளவு தூளை, எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம் எக்ஸ்ட்ரூடரின் உருளையில் வைத்திருப்பீர்கள் என்று எழுதுங்கள். அதன்பின் தொட்டியைப் பற்றிப் பேசலாம்.