வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

உவர்மலை மொழிபெயர்ப்பாளர் எழுதியது (திங்கள் காலை)

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு பயிற்சிக் கைந்நூலைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். உள்ளே எல்லாம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, தலைப்புத்தான் இழுக்கிறது.

விஷயம் இதுதான். இருபது வயதுக்குக் குறைந்த கர்ப்பிணிகளை ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்பாமல், கிட்டத்தட்ட ஒரே காலத்தில் பிரசவம் எதிர்பார்க்கும் எட்டு முதல் பன்னிரண்டு பேரை ஒன்றாக இருத்தி, பரிசோதனையையும் பேச்சையும் சேர்த்தே நடத்துவது. ஷரன் ஷிண்ட்லர் ரைசிங் என்ற மருத்துவமாது 1990களில் அமெரிக்காவில் தொடங்கிய முறை. அங்கே 'சென்டரிங் பிரெக்னன்சி' என்கிறார்கள். மொத்தம் பத்து அமர்வு. ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம் முதல் இரண்டு வரை. வந்தவுடன் அந்தப் பெண்பிள்ளைகளே தங்கள் பிறஷரையும் நிறையையும் அளந்து எழுதிக்கொள்வார்கள். வயிற்றை மட்டும் ஒரு மூலையில் தனியே பார்ப்பார்கள். பிறகு வட்டமாக இருந்து சாப்பாடு, பிரசவ வலி, தாய்ப்பால், அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடுவது, பாலுறவால் தொற்றும் நோய்கள், வீட்டில் அடி விழுந்தால் யாரிடம் போவது என்று எல்லாம் பேசுவார்கள்.

மூலத்தில் 'குரூப் பிரீநேட்டல் கேர்'. என் வரைவு: 'பதின்ம வயதினருக்கான குழு முன்பேற்றுப் பராமரிப்பும் பாலியல் சுகாதாரமும்'. வாசித்து முடிப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்குகிறது. கை கொடுங்கள்.

---

தம்பலகாமம் வாத்தியார் எழுதியது (திங்கள் மதியம்)

தம்பி, முயற்சி நல்லது. ஆனால் 'முன்பேறு' நிற்காது. பேறு என்பது பெறு என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர். அதற்கு முன்னே 'முன்' போட்டால் முன்னர் பெற்ற பேறு என்றுதான் பொருள் ஓடும். கிளினிக் கார்டில் முந்தின பிரசவங்களைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறதல்லவா, அதற்குப் பொருந்தும் சொல் இது. முதற்பிள்ளைக்கு வந்திருக்கும் சிறுமியிடம் போய் முன்பேறு என்றால் அடிதான் விழும்.

அடுத்தது பதின்மம். பதின்மர் என்றால் பத்துப் பேர். அதோடு, எண்ணிக்கொண்டு போனால் பதினெட்டு வரைதான் 'பதின்' வரும். பத்தொன்பதுக்கு அது இல்லை. அப்போ பத்தொன்பது வயதுக்காரியை வெளியே விடுவதா?

நம்மிடம் இல்லாததா? பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்ற ஏழு பருவத்தில் மடந்தைக்கு 14 முதல் 19 வரை என்று வகுத்திருக்கிறார்கள். அளந்து வெட்டியது போல் இருக்கிறது. கர்ப்பத்துக்குச் சூல். முதற் கர்ப்பத்துக்குக் கடுஞ்சூல் என்று தனிச்சொல்லே உண்டு. ஆகவே 'மடந்தையர் சூற்பேணல்'. இரண்டே சொல். அட்டையில் பெரிய எழுத்தில் போடலாம்.

---

மூதூர் மருத்துவமாது எழுதியது (திங்கள் இரவு)

ஐயா, கோபிக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகள் சூலகம், சூல்வித்து என்று பூவைப் பற்றிய பாடத்தில் படித்தவர்கள். சூற்பேணல் என்று போர்டு போட்டால் விவசாயத் திணைக்களம் என்று நினைப்பார்கள். மடந்தையில் முதலில் கண்ணில் படுவது 'மட'. சும்மாவே வீட்டில் அந்தப் பேச்சுத்தான் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

என்னுடைய பிரச்சினை வேறு. 'குழு' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். இங்கே குழு என்றால் கடன். 'குழுவுக்குப் போறா' என்றால் கிழமைக் கட்டுக்காசு கட்டப் போகிறாள் என்று அர்த்தம். போன மாதம் ஒரு வீட்டுக்குப் போய், "மகளை வியாழக்கிழமை குழுவுக்கு அனுப்புங்க" என்றேன். தாய் அடுப்படியிலிருந்து எழும்பி வந்து, "ஐயோ மிஸ், இருக்கிற லோனையே கட்ட ஏலாமக் கிடக்கு, இவள வேற பிணைக்குக் கேக்காதீங்க" என்றா. பிறகு நான் முற்றத்தில் இருந்து விளங்கப்படுத்தி முடிக்கவே அரை மணித்தியாலம் போனது.

இன்னொன்று. போர்டில் என்ன எழுதினாலும் அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே வருகிறவளை ரோட்டில் நிற்கிறவனும் பார்க்கிறான். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் அது பொலிஸ், சட்ட வைத்திய அதிகாரி என்று போகும் என்பது ஊருக்கே தெரியும். கலியாணம் செய்த பதினெட்டு வயதுப் பிள்ளையும் அந்தப் போர்டைக் கண்டு பயந்து திரும்பிப் போகும். வயதை அட்டையில் கத்திச் சொல்லாத சொல்லாகப் பாருங்கள்.

---

கோவை நண்பர் எழுதியது (செவ்வாய் காலை)

இங்கிருந்து இரண்டு குறிப்பு. பதின்மத்துக்கு எங்கள் பக்கம் 'வளரிளம் பருவம்' என்று அரசுத் திட்டங்களிலேயே வந்துவிட்டது. உங்கள் பாடநூல்களில் 'கட்டிளமைப் பருவம்' என்று பார்த்திருக்கிறேன், அது காளை மாதிரி ஒலிக்கிறது. அப்புறம் 'பராமரிப்பு' என்பது எங்களுக்குச் சாலைக்கும் லிஃப்டுக்கும். மனிதர்க்குக் கவனிப்பு. 'பேறுகால முன்கவனிப்பு' என்று போடலாம்.

இன்னொரு யோசனை. இங்கே அரசே 'சமுதாய வளைகாப்பு' நடத்துகிறது. கர்ப்பிணிகளை ஒன்றாக உட்கார வைத்து வளையல் போட்டு, சாப்பாடும் போட்டு, சத்துணவு பற்றியும் பேசுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து எடுப்பானேன்? 'வளைகாப்புக் கூடல்' என்று வையுங்களேன்.

---

கிண்ணியா நானா எழுதியது (செவ்வாய் மதியம்)

கோவை நண்பருக்கு ஸலாம். வளையல் நல்ல சாமான்தான், ஆனால் இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் அந்தப் பெயரைப் போட்டால் என் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரின் உம்மாமார் வாசலிலேயே திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கலியாணம் ஆகாமல் வந்த பிள்ளைக்கு யார் வளையல் போடுவது? அதற்கும் ஒரு சொல் தேடித் தாருங்கள்.

பத்திரிகையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 'பாலியல்' என்று ஒரு சொல்லை எழுதினால் அதற்குப் பின்னால் 'துஷ்பிரயோகம்' தானாக வந்து நிற்கும், அப்படிப் பழகிவிட்டது. அட்டையில் 'பாலியல் சுகாதாரம்' என்று இருந்தால் புத்தகத்தைப் பிள்ளை தலையணைக்கு அடியில்தான் வைக்கும். 'உடல்நலமும்' என்று போட்டுவிட்டு உள்ளே விரிவாகச் சொல்லலாம்.

'குழு' வேண்டாம் என்ற ராத்தா சொன்னது முழுக்கச் சரி. 'வட்டம்' எப்படி? வாசகர் வட்டம் மாதிரி. மூலத்திலும் வட்டமாகத்தானே இருக்கிறார்கள்.

---

மட்டக்களப்பு டொக்டர் எழுதியது (செவ்வாய் இரவு)

நானா, இந்த இடத்தில் நான் உங்களோடு இல்லை. 2019இல் இலங்கை தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் கடத்தப்படுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. எப்படிப் பெற்றது? கர்ப்பிணிகளின் இரத்தத்தை எடுத்துச் சோதித்துத்தான். பிள்ளையின் கையை நீட்டச் சொல்லி இரத்தம் எடுக்கிறோம். எதற்கு என்று சொல்லும் சொல் மட்டும் வெட்கமா? 'உடல்நலம்' என்று மூடினால் தடிமன் காய்ச்சலும் அதற்குள்தான். ஆணுறையைக் கேட்டு வாங்க வேண்டிய பிள்ளைக்கு அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். அந்தப் பழக்கத்துக்குத்தான் இந்த அமர்வே.

முறை பற்றியும் ஒரு வார்த்தை. நியூ ஹேவனிலும் அட்லாண்டாவிலும் 14 முதல் 25 வயது வரையான 1,047 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஒன்றாக இருந்து பார்த்தவர்களில் காலத்துக்கு முந்திய பிரசவம் 9.8 சதவீதம், தனித்தனியே பார்த்தவர்களில் 13.8. உலக சுகாதார நிறுவனம் 2016 வழிகாட்டலில் இதை ஆய்வுச் சூழலில் வழங்கலாம் என்று அளவாகத்தான் சொன்னது. எனவே முன்னுரையில் அற்புத மருந்து போல எழுதிவிடாதீர்கள்.

அதே வழிகாட்டலில் முன்னர் 'விசிட்' என்று இருந்ததை 'கொன்டாக்ட்' என்று மாற்றினார்கள், குறைந்தது எட்டு. இதை எப்படித் தமிழாக்கியிருக்கிறீர்கள்?

---

உவர்மலை மொழிபெயர்ப்பாளர் எழுதியது (செவ்வாய் இரவு)

'எட்டுத் தொடர்புகள்' என்று.

---

மூதூர் மருத்துவமாது எழுதியது (செவ்வாய் இரவு)

கடவுளே! பதினேழு வயதுப் பிள்ளையின் புத்தகத்தில் 'உங்களுக்குக் குறைந்தது எட்டுத் தொடர்புகள் இருக்க வேண்டும்' என்றா? 'சந்திப்பு' என்று மாற்றிவிட்டுப் படுங்கள் தம்பி.

---

தம்பலகாமம் வாத்தியார் எழுதியது (புதன் விடியற்காலை)

நித்திரை வரவில்லை. மக்களுக்கு விளங்காது, விளங்காது என்கிறீர்கள். 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் பணியாற்றிய கிறீன் வைத்தியர் அமெரிக்காவில் பிறந்தவர். தமிழ் படித்து, தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்து, பிரசவ மருத்துவ நூலையும் தமிழாக்கினார். அவர் விளங்காது என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சொல்லைப் புழங்கவிட்டால் விளங்கும். தம்பி இருக்கும் உவர்மலையையே எடுங்கள், ஓர்ஸ் ஹில் என்ற ஆங்கிலப் பெயரை நம் சனம் வாயில் போட்டுக் குதப்பித் தமிழாக்கவில்லையா?

சூல் பிடிக்கவில்லை என்றால் 'வயா' இருக்கிறது. கர்ப்பிணியின் மசக்கை. 'வயாஎன் கிளவி வேட்கைப் பெருக்கம்' என்பது தொல்காப்பிய உரியியல். பிரசவித்த அணிமைக்குப் 'புனிறு' என்பதும் அங்கேயே உண்டு. நானாவின் வட்டத்தையும் சேர்த்து 'வயாவட்டம்' என்போம். குழந்தை பிறந்த பிறகு நடக்கும் அமர்வுக்குப் 'புனிற்றுவட்டம்'. எவ்வளவு அழகான சோடி!

---

கிண்ணியா நானா எழுதியது (புதன் காலை)

சேர், 'வயா' என்று தொடங்கினால் எங்கள் ஊர் இளந்தாரிகள் மிச்சத்தை நீல மாத்திரை என்று தாங்களே வாசித்து முடித்துவிடுவார்கள். அட்டையைக் கண்டு வாப்பாமார்தான் கியூவில் நிற்பார்கள்.

உவர்மலை பற்றி: உவர் முதலா, ஓர் முதலா என்பதற்குத் தனி மடல் தொடங்குங்கள். நான் உவர் பக்கம்.

---

கோவை நண்பர் எழுதியது (புதன் மாலை)

வட்டம் தமிழ்தான் என்று உறுதி செய்துகொண்டீர்களா? வடமொழி 'விருத்த'த்திலிருந்து பாகதம் (பிராகிருதம்) வழியாக வந்தது என்பாரும் உண்டு. 'வள்' என்ற வளைதல் வேரிலிருந்து நேரே வந்தது என்பது என் கட்சி. வள், வளை, வளையம், வட்டு, வட்டம். வட்டி கூட அங்கிருந்துதான் என்று காட்டலாம்.

---

மூதூர் மருத்துவமாது எழுதியது (புதன் இரவு)

வட்டியை மட்டும் காட்டாதீர்கள். குழுவிலிருந்து இப்போதுதான் தப்பினோம்.

நான் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், நாளைக்குக் கிளினிக். கதவில் ஒரு பெயர், புத்தகத்துக்குள் ஒரு பெயர் என்று இரண்டாகப் பிரியுங்கள். உள்ளே உத்தியோகத்தர்களுக்கு 'கூட்டுக் கர்ப்பகாலப் பராமரிப்பு' என்று முழுசாக எழுதுங்கள். கர்ப்பம் வடசொல் என்று யாரும் தொடங்க வேண்டாம், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் எச் 512 கார்டை இன்றைக்கு யாரும் திருத்தி அச்சடிக்கப் போவதில்லை. கதவிலும் அட்டையிலும் 'இளந்தாய்மார் வட்டம்'. கேட்டால் பயம் வராது, வயதும் வெளியே தெரியாது. பாலியல் சுகாதாரம் அத்தியாயத் தலைப்பாக, டொக்டர் கேட்டபடி அதே சொல்லில், மறைக்காமல் இருக்கட்டும்.

---

கிண்ணியா நானா எழுதியது (வியாழன் காலை)

ஆமீன். என் வாக்கு இதற்கே.

---

கோவை நண்பர் எழுதியது (வியாழன் காலை)

'பராமரிப்பு' தவிர மற்றதற்கு ஆட்சேபம் இல்லை. களைத்துப் போனேன் என்பதும் ஒரு காரணம்.

---

மட்டக்களப்பு டொக்டர் எழுதியது (வியாழன் மதியம்)

பெரும்பான்மை தெரிகிறது. ஆனாலும் என் மறுப்பைப் பதிய வேண்டும். சங்கதி வட்டத்தில் இல்லை, 'தாய்' என்பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இந்தப் பருவம் பத்து வயதிலேயே தொடங்குகிறது. பதினைந்து வயதில் வயிற்றோடு வருகிறவள் சட்டத்தின் முன் சிறுமி. அவளுக்கு ஒரு குற்றம் இழைக்கப்பட்டிருக்கிறது. அவளை வாசலிலேயே 'இளந்தாய்' என்று வரவேற்றால் அந்தக் குற்றத்தை ஒரு நல்ல சொல்லால் துடைத்துவிடுகிறோம். பிள்ளையைத் தத்துக் கொடுக்க நினைப்பவளும் வருவாள். அவளுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும்? 'இளம் கர்ப்பிணிகள் வட்டம்' என்பதே என் சிபாரிசு. கர்ப்பம் உடலின் நிலை. அவள் யார் என்பதை அது சொல்லாது.

---

மூதூர் மருத்துவமாது எழுதியது (வியாழன் மாலை)

டொக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கர்ப்பிணி என்று கதவில் எழுதினால் அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை கதவு வரைக்கும் வராது. வந்து இருந்த பிறகு நான் அவளைத் தாய் என்று கூப்பிடப் போவதில்லை. பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், எப்போதும் போல.

---

உவர்மலை மொழிபெயர்ப்பாளர் எழுதியது (வெள்ளி காலை)

அனுப்பிவிட்டேன். அட்டையில் 'இளந்தாய்மார் வட்டம்'. உள்ளே கூட்டுக் கர்ப்பகாலப் பராமரிப்பு, கட்டிளமைப் பருவம், எட்டுச் சந்திப்புகள். ஐந்தாம் அத்தியாயம் 'பாலியல் சுகாதாரம்'. டொக்டரின் மறுப்பைப் பயிற்றுநர் குறிப்பில் ஒரு பந்தியாகச் சேர்த்திருக்கிறேன், முதற் சந்திப்பிலேயே பிள்ளைகளிடம் தங்களை எப்படி அழைக்க வேண்டும் என்று கேட்கும்படி. எல்லோருக்கும் நன்றி.

---

தம்பலகாமம் வாத்தியார் எழுதியது (வெள்ளி மதியம்)

அனுப்பியாயிற்றா? கடுஞ்சூலை ஓர் அடிக்குறிப்பிலாவது வைத்திருக்கலாம். போகட்டும். 'கூட்டு' என்று போட்டிருக்கிறீர்கள், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கூட்டு ஞாபகம் வராதா? 'கூட்டுமுறை' என்று திருத்த அச்சகத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்குமே. நம்பரை அனுப்புங்கள், நானே பேசுகிறேன்.