டெல்லி – காத்மாண்டு: இடது ஜன்னலுக்குத் தனியாகக் காசு கொடுக்கலாமா?

திருச்சி யாத்ரி:
நவம்பரில் அம்மாவை நேபாளத்திலுள்ள முக்திநாத் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அதுதான், ஒரு தடவை சேவித்துவிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்கிறார். டெல்லியிலிருந்து காத்மாண்டுவுக்கு விமானம். ஜன்னல் சீட்டுக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். இடது பக்கம் உட்கார்ந்தால் எவரெஸ்ட் தெரியும் என்கிறார் நண்பர். கொடுக்கலாமா?

ஜன்னலோரம்:
யோசிக்காமல் கொடுங்கள். விமானம் கிழக்கே போகிறது. இமயமலை வடக்கே, அதாவது உங்கள் இடது கைப்பக்கம். வலது பக்கம் வெறும் சமவெளி. இன்னொன்று, நவம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து போய் மலைமேல் விழும். கண் கூசாது, பனி பளிச்சென்று இருக்கும். ‘ஏ’ எழுத்துள்ள இடது ஜன்னல் இருக்கைதான்.

கணக்குப்பிள்ளை:
ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு இவ்வளவு அமர்க்களமா? முதலில் அந்த எவரெஸ்ட் கதையை விடுங்கள். அது காத்மாண்டுவுக்குக் கிழக்கே 150 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. நீங்கள் மேற்கிலிருந்து போகிறீர்கள். அதன் பக்கம் போவதற்குள் இறங்கிவிடுவீர்கள். நான் ஒரு முறை காசு கட்டி வாங்கிய ஜன்னல் சீட்டில் ஜன்னலே இல்லை. வழி முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஜன்னலோரம்:
எவரெஸ்ட் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். அதை நம்பிக் காசு கட்ட வேண்டாம். ஆனால் தவளகிரி (8,167 மீட்டர்), அன்னபூர்ணா (8,091), மனஸ்லு (8,163) மூன்று சிகரங்களும் வரிசையாக வருமே, அது போதாதா? யாத்ரி, தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே மலை சட்டென்று வெட்டுப்பட்டதுபோல் ஓர் இடைவெளி இருக்கும். அதுதான் காளி கண்டகி ஆறு அறுத்த பள்ளத்தாக்கு. முக்திநாத் அதற்கு அப்பால். அம்மாவுக்கு அதைக் காட்டுங்கள்.

சுவர் விஷயம்: சில போயிங் 737 விமானங்களில் இறக்கைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வரிசையில் ஜன்னல் இருக்காது. ஏசி குழாய் அந்தச் சுவருக்குள் போகிறது. இருக்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இறக்கைக்கு நேர் மேலேயும் வேண்டாம், இன்ஜினுக்குப் பின்னாலும் வேண்டாம். அங்கே வெளியேறும் சூட்டில் மலை நெளியும். முன் வரிசைகள்தான் சரி.

போக்ரா ரிட்டர்ன்:
நான் போனது ஏப்ரலில். இதே இடது பக்கம், இதே ‘ஏ’. புகையும் தூசியுமாக, அன்னபூர்ணா இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பழுப்பு. பக்கத்தைவிட மாதம்தான் முக்கியம் அண்ணா. மழை முடிந்த அக்டோபர், நவம்பர் என்றால் நம்பிக் கட்டலாம்.

அப்புறம், போக்ராவிலிருந்து, முக்திநாத் போகிறவர்கள் இறங்கும் ஜோம்சோமுக்குப் போகும் சின்ன விமானத்தை யாரும் சொல்லவில்லையே? அது அந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயே பறக்கிறது. இடது பக்கம் தவளகிரி, வலது பக்கம் அன்னபூர்ணாவும் நீலகிரியும். (நம்ம ஊட்டி நீலகிரி இல்லை, இது 7,000 மீட்டர்!) அதில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நஷ்டமில்லை. பகல் ஏறினால் காற்று கிளம்பிவிடும் என்பதால் காலையில்தான் ஓட்டுவார்கள்.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா? அந்தக் காசை ஜோம்சோம் டிக்கெட்டில் போடுங்கள். காத்மாண்டுவில் நெரிசல் என்றால் இறங்குவதற்கு முன் வானத்திலேயே வட்டமடிக்க விடுவார்கள். அப்போது வலது பக்கத்துக்காரருக்கும் மலை இலவசம்.

ஜன்னலோரம்:
லேட்டாகட்டும் என்று வேண்டிக்கொண்டா விமானம் ஏறுவது?

திருச்சி யாத்ரி:
4ஏ போட்டாச்சு. அம்மாவுக்கு ஜன்னல், எனக்கு நடு சீட்டு. இருக்கை வரைபடத்தைக் காட்டி விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “திரும்பி வரும்போதும் இதே இடம்தானே?” என்றார்.

ஜன்னலோரம்:
ஐயோ, இல்லை! வரும்போது மலை வலது பக்கம், அதனால் ‘எஃப்’.

கணக்குப்பிள்ளை:
இன்னொரு கட்டணம்.