மறுமொழி: பெரிய டயர் விமானங்களின் பிரேக் – 'தடுப்புத்திறன்' ஒன்றே போதுமா?

குழுவினருக்கு வணக்கம். நாம் மொழிபெயர்க்கும் விமானக் கட்டுரையின் கலைச்சொல் பட்டியலுக்கு வந்த கேள்விகளுக்கு இது என் மறுமொழி.

> பிரேக் பெர்ஃபார்மன்ஸ் என்பதற்குத் 'தடுப்புத்திறன்' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே. இதற்கு ஏன் இத்தனை மடல்?

போகலாம் ஐயா, கட்டுரை கார் பற்றியதாக இருந்தால். இது அலாஸ்காவில் பறக்கும் பைப்பர் சூப்பர் கப் என்ற சிறு விமானம் பற்றியது. அங்கே 'தடுப்புத்திறன் குறைந்துவிட்டது' என்று எழுதினால், எது குறைந்தது என்று மெக்கானிக் திருப்பிக் கேட்பார். வெவ்வேறு கோளாறுகளை ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டால் அவருக்கு நம் மொழிபெயர்ப்பால் ஒரு பயனும் இல்லை.

இந்த விமானத்தில் சாதாரணமாகப் போடும் 8.50-6 டயரின் விட்டம் சுமார் 22 அங்குலம். ஆற்று நடுவே கூழாங்கல் திட்டிலும் பாசி படர்ந்த தூந்திர (டன்ட்ரா) நிலத்திலும் இறங்குகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயரை மாட்டுகிறார்கள். 35 அங்குலமும் உண்டு. பிரேக் பழைய பிரேக்தான். வட்டும் (டிஸ்க்) கவ்வியும் (காலிப்பர்) சேர்ந்து அச்சைச் சுற்றித் தருகிற முறுக்கம் (டார்க்) இம்மியும் குறையவில்லை. ஆனால் தரைக்குப் போய்ச் சேரும் விசை, அந்த முறுக்கத்தை டயரின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. 22 அங்குலம் 31 ஆனால் விசையில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பிரேக்கில் பழுது ஒன்றுமே இல்லாமல் விமானம் நிற்க மறுக்கிறது. புறப்படும்போதும் இதே தொல்லைதான்: பிரேக்கை அழுத்திக்கொண்டு எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கினால், ஓட்டுபவர் விடுவதற்கு முன்பே விமானம் மெல்ல நகரத் தொடங்கிவிடும். குட்டைத் திட்டில் ஒவ்வோர் அடியும் கணக்கு.

ஆகவே முதலில் வேண்டியவை இரண்டு சொற்கள். அச்சில் கிடைப்பது 'தடுப்பு முறுக்கம்'. தரையில் கிடைப்பது 'தடுப்பு விசை'. தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் முறுக்கத்தைத் 'திருப்பு விசை' என்கிறோம் என்பது தெரியும். அதில் 'விசை' ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இங்கே வம்பு. 'திருப்பு விசை மாறவில்லை, தடுப்பு விசை குறைந்தது' என்று எழுதினால் படிப்பவர் தலையைச் சொறிவார். இலங்கை வழக்கிலுள்ள முறுக்கம் சுருக்கமாகவும் இருக்கிறது, குழப்பமும் தரவில்லை. அதையே எடுத்துக்கொள்வோம்.

> கவ்வி, வட்டு சரி. பிரேக், பிஸ்டன், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் தமிழ் வேண்டாமா?

வேண்டாம் என்பது என் கட்சி. பட்டறையில் நாள்தோறும் புழங்கும் சொற்கள் அவை. அவற்றோடு மல்லுக்கட்டுவதில் நமக்கு லாபம் இல்லை. முறுக்கத்தை எப்படிக் கூட்டுவது என்று விளக்கும் பத்தியைப் பாருங்கள். ஒரு பிஸ்டன் கவ்விக்குப் பதில் இரண்டு பிஸ்டன் கவ்வி போட்டால், அதே எண்ணெய் அழுத்தத்தில் வட்டினைக் கவ்வும் விசை இரண்டு மடங்காகும். ஆனால் எண்ணெயும் இரண்டு மடங்கு தள்ள வேண்டும், மிதி இன்னும் ஆழமாக இறங்கும். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டத்தைக் குறைத்தால் அழுத்தம் கூடும், அதற்கும் விலை மிதியின் ஓட்டம்தான். சூப்பர் கப்பில் மிதியைக் குதிகாலால் அழுத்த வேண்டும் என்பதால் அந்த ஓட்டம் மிகவும் குறைவு. குழாயில் ஒரு சிறு காற்றுக்குமிழ் இருந்தாலும் மிதி பஞ்சுபோல் அமுங்கும். அதனால்தான் எண்ணெயைக் கவ்வியின் அடித்துளையிலிருந்து மேல்நோக்கி ஏற்றுகிறார்கள். காற்று தானாக மேலே போய்விடும். (ஏற்றுவது சிவப்பு நிறக் கனிம எண்ணெய். கார் பிரேக் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் அடைப்புகள் கெட்டுவிடும். மொழிபெயர்ப்பாளர் 'பிரேக் எண்ணெய்' என்று மொட்டையாக எழுதிவிடக் கூடாது.) இந்தப் பத்தியில் பிஸ்டனுக்கு ஒரு புதுச்சொல்லைத் திணித்திருந்தால் யாருக்கு என்ன கூடுதலாக விளங்கியிருக்கும்?

புதுச்சொல் உண்மையிலேயே தேவைப்படும் இடம் வேறு. இந்த டயர்களில் காற்றழுத்தம் மிகக் குறைவு. சதுர அங்குலத்துக்குப் பத்துப் பவுண்டுக்கும் கீழே வைத்து ஓட்டுவது சாதாரணம். அதனால் டயர், தான் மாட்டியிருக்கும் சக்கர விளிம்பை, அதாவது வட்டையை (ரிம்), இறுக்கிப் பிடிப்பதில்லை. பிரேக்கைப் பலமாக்கினால் வட்டை நிற்கும், அதன்மேல் இருக்கும் டயர் மட்டும் தன் போக்கில் சுற்றிப் போகும். உள்ளே டியூப் இருந்தால் அதன் வால்வு வட்டையின் துளையில் மாட்டிக்கொண்டு அறுந்துவிடும். டியூப் இல்லாத, 'அலாஸ்கன் புஷ்வீல்' என்ற பெயரில் விற்கும் டயரில் வால்வை டயரின் பக்கச்சுவரிலேயே வைத்திருப்பது இதற்காகத்தான். டயரிலிருந்து வட்டைக்குக் குறுக்கே ஒரு கோடு வண்ணத்தில் தீட்டி வைப்பதும் உண்டு. பறப்பதற்கு முன் குனிந்து பார்த்தால், கோடு இரண்டாக விலகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

> இதைத்தான் 'டயர் சறுக்கல்' என்று ஏற்கெனவே பட்டியலில் சேர்த்துவிட்டோமே.

அது தரையில் டயர் சறுக்குவது. இது வட்டையில் டயர் நழுவுவது. ஈரத் தரையில் கால் சறுக்கும். இடுப்பில் கட்டிய வேட்டி நழுவும். தமிழ் இந்த இரண்டையும் முன்பே பிரித்து வைத்திருக்கும்போது நாம் ஏன் கலக்க வேண்டும்? 'வட்டை நழுவல்' என்று முன்மொழிகிறேன். வட்டை என்பது மாட்டுவண்டிச் சக்கரத்தின் விளிம்புக்குத் தச்சர்கள் சொல்லும் பெயர்தான், கடன் வாங்கியதல்ல.

இப்படிக் கரடுமுரடான இடங்களில் இறங்கும் 'புஷ் பிளேன்' என்பதற்குச் சொன்ன 'புதர் விமானம்' பற்றி ஒரு வரி போதும். இங்கே 'புஷ்' என்பது புதரைக் குறிப்பதில்லை. ஆளரவமற்ற, பண்படாத நிலம் என்ற பொருளில் 'கரம்பு விமானம்' எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தப் பெரிய டயருக்கு நம் குழுவிலுள்ள அம்மா ஒருவர் சொன்ன 'மெத்தை டயர்' நல்ல சொல். பருமனையும் மென்மையையும் ஒருங்கே காட்டுகிறது.

கடைசியாக, பிரேக்கைக் கூட்டிக்கொண்டே போனால் நேரும் விபத்துக்கு ஒரு சொல் வேண்டும். வால்சக்கர விமானத்தில் முன்சக்கரங்கள் எடைமையத்துக்குச் சற்று முன்னால்தான் இருக்கின்றன. பெரிய டயர் விமானத்தை இன்னும் உயரத்தில் தூக்கி நிறுத்துகிறது. தடுப்பு விசை அளவு மீறினால் வால் எழும்பும், மூக்கு தரையில் குத்தும். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று இங்கே சொல்ல முடியாது: புரொப்பெல்லர் வளைந்துவிடும், எஞ்சினையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். 'மூக்குக்குத்தல்' என்றால் காதுகுத்து விழாபோல ஒலிக்கிறது. 'குப்புறல்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

குப்புறலுக்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். மற்றவற்றை இப்போதே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.