இரண்டு இணையத் தொலைபேசி அடாப்டர்களை நேரடியாக இணைக்க முடியுமா?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் எங்கள் கடை கீழேயும், வீடு மூன்றாம் மாடியிலும் உள்ளன. சாதாரணத் தொலைபேசியை இணையம் வழியே பேச வைக்கும் இரண்டு பழைய அடாப்டர்களின் தொலைபேசித் துளைகளை ஒரே கம்பியால் இணைத்தேன், மணி அடிக்கவில்லை. சேவை நிறுவனம் இல்லாமல் இவை பேசுமா?

பதில் 1: முதலில் அந்தக் கம்பியைக் கழற்றுங்கள், இரு துளைகளுமே தொலைபேசிக்கு மின்சாரம் கொடுப்பவை. இரண்டையும் ஒரே ரவுட்டரில் செருகி, 192.168.1.21, 192.168.1.22 என மாறாத ஐபி முகவரிகள் (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்கள்) கொடுத்து, சேவை நிறுவனத்தின் சர்வரில் பதிவு செய்யாமலே அழைக்கவும் ஏற்கவும் அனுமதித்தால், இணைய அழைப்புகளுக்கு வழக்கமான 5060 என்ற போர்ட் (இணைப்பு வாசல் எண்) வழியே நேரடியாக அழைக்கலாம்.

பதில் 2: அடாப்டர் கிராண்ட்ஸ்ட்ரீம் நிறுவனத்துடையது என்றால் *47 அழுத்தி, புள்ளிக்குப் பதில் நட்சத்திரமிட்டு மற்ற அடாப்டரின் ஐபி முகவரியை அழுத்துங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இது தொல்லைதான். ரிசீவரை எடுத்ததும் தானே அழைக்கும் ஹாட்லைன் வசதி இருந்தால் அதுவே நல்லது.

கேட்டவர்: நன்றி. முதலில் எங்கேஜ் ஒலிதான் வந்தது. குரலைக் குறியாக்கும் முறைகளில் (கோடெக்) ஒன்றில் ஜி.729 மட்டும், மற்றதில் ஜி.711 மட்டும் தேர்வாகியிருந்தன, இரண்டிலும் ஜி.711 வைத்ததும் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.