‘தேவையான அளவு’ என்று எழுதி அனுப்பாதீர்கள்

அன்புள்ள சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் குடும்பங்களில் வழிவழியாக வந்த சமையற்குறிப்புகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுவது என்று சென்ற கூட்டத்தில் முடிவானது. கை தூக்கிய பாவத்துக்கு அந்த வேலை என் தலையில் விழுந்தது. இதுவரை 34 குறிப்புகள் வந்திருக்கின்றன, அனுப்பியவர்களுக்கு நன்றி. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன். அவற்றுள் 29 குறிப்புகளை, அந்தந்த வீட்டில் சாப்பிட்டு வளராத எவராலும் சமைக்க முடியாது. கோபித்துக்கொள்ள வேண்டாம். என் அம்மாவின் நோட்டைப் பார்த்து நான் எழுதியதும் அந்த 29-இல் ஒன்றுதான்.

‘உப்பு தேவையான அளவு’ என்று எல்லோரும் எழுதியிருக்கிறோம். யாருக்குத் தேவையான அளவு? ‘வழக்கமான பாத்திரத்தில் பாதி’ என்கிறது ஒன்று. ‘வாசனை வந்ததும் இறக்கவும்’ என்கிறது இன்னொன்று. எந்த வாசனை? பச்சை வாசனை போன பிறகு வருவதா, கருகுவதற்குச் சற்று முன் வருவதா? அம்மாவின் நோட்டில் ஓரிடத்தில், ‘போதும் என்று தோன்றும்போது நிறுத்தவும்’ என்று இருக்கிறது. அவருக்குத் தோன்றியது. எனக்கு இருபது ஆண்டுகளாகத் தோன்றவில்லை.

இதில் நம் வீட்டுப் பெரியவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சமையற்குறிப்பு பிறந்ததே இப்படித்தான். யேல் பல்கலைக்கழகத்தில் கி.மு. 1730 வாக்கைச் சேர்ந்த பாபிலோனியக் களிமண் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் மட்டும் 25 குழம்பு வகைகள். இறைச்சி, தண்ணீர், கொழுப்பு, வெங்காயம், பூண்டு என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எவ்வளவு, எத்தனை நாழிகை என்பது பெரும்பாலும் இல்லை. சமைக்கத் தெரிந்தவனுக்கு மறந்துபோகாமல் இருக்க எழுதியது, அவ்வளவுதான். நம் சிறுபாணாற்றுப்படையும் வீமனின் மடைநூலிலிருந்து, அதாவது சமையல் நூலிலிருந்து, வழுவாமல் ஆக்கிய உணவைப் பேசுகிறது. நூல் உண்டு என்கிறதே தவிர, அளவைச் சொல்லவில்லை.

பொருள்களை அளவோடு தனியே குறித்து, வேகும் நேரத்தையும் எழுதும் வழக்கத்தை இங்கிலாந்தில் எலைசா ஆக்டன் 1845-இல் தம் நூலில் கொண்டுவந்தார். அதற்கும் அரை நூற்றாண்டு கழித்து, 1896-இல், அமெரிக்காவின் ஃபேனி ஃபார்மர் கரண்டியையும் கோப்பையையும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதுவரை அங்கேயும் ‘முட்டையளவு வெண்ணெய்’, ‘ஒரு தேநீர்க் கோப்பை மாவு’ என்ற கதைதான். பதிப்பகத்துக்கு அந்தப் புத்தகம் விற்கும் என்ற நம்பிக்கை இல்லை. முதல் 3,000 படிகளின் அச்சுச் செலவை ஃபார்மரே ஏற்க வேண்டியிருந்தது. (நம் பொருளாளர் அடுத்த மாதம் நன்கொடை கேட்டு எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, கரண்டியால் அளந்து எழுதிவிட்டால் தீர்ந்ததா? அதுதான் இல்லை. நாம் உலகெங்கும் சிதறிக் கிடக்கிறோம். நம் கரண்டிகளும் அப்படியே. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி என்றால் 20 மில்லி. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 15 மில்லி. சிட்னியில் இருக்கும் அக்கா ‘நான்கு மேசைக்கரண்டி’ என்று எழுதியிருப்பது லண்டனில் ஐந்தேகாலைத் தாண்டும். கோப்பை இன்னும் மோசம்: அமெரிக்காவில் ஏறத்தாழ 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. பழைய நோட்டுகளில் வரும் பைன்ட் இங்கிலாந்தில் 568 மில்லி, அமெரிக்காவில் 473. இத்தனைக்கும் எல்லாம் ஒரே பெயர்.

உப்பில் வேறொரு சிக்கல். பொடி உப்பு ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 18 கிராம் இருக்கும். பொரபொரவென்ற பரல் உப்பில் சில வகைகள் அதே கரண்டியில் பாதி எடைதான் நிற்கும். குழம்பென்றால் வாயில் வைத்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். ஊறுகாயில் உப்பைப் பாதியாக்கினால் சுவை குறைவதோடு நிற்காது, ஜாடியே பூத்துப்போகும். ஆகவே கிராமில் எழுதுங்கள். சமையலறைத் தராசு இல்லாதவர்கள் வாங்கிவிடுங்கள்.

எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். என் அத்தைக்கு வயது 81. எலுமிச்சை ஊறுகாய் போடும்போது, ‘எவ்வளவு போட்டீர்கள்?’ என்று கேட்டால் கை நின்றுவிடும். கை நின்றால் கணக்குத் தப்பும். கணக்குத் தப்பினால் எனக்குத் திட்டு. இரண்டு முறை திட்டு வாங்கிய பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். மூன்றாம் முறை, அவர் அடுப்படிக்கு வருவதற்கு முன்பே உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்ப் புட்டி மூன்றையும் எடை போட்டுக் குறித்துக்கொண்டேன். அவர் தம் போக்கில் அள்ளிப் போட்டார், ஊற்றினார், கை கழுவிவிட்டுப் போய்விட்டார். பிறகு மூன்றையும் மறுபடி எடை போட்டேன். குறைந்த எடை எதுவோ அதுதான் குறிப்பு.

இப்படி மூன்று தடவை செய்து பார்த்தேன். ஒரு கிலோ பழத்துக்கு அவர் கையால் அள்ளிப் போட்ட உப்பு மூன்று தடவையும் பத்து கிராம்கூட வித்தியாசப்படவில்லை. கண்ணளவு என்று எவ்வளவு அலட்சியமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்!

அப்படியும் ஒன்று தப்பியது. எடையெல்லாம் சரியாகப் போட்டு நான் செய்த ஊறுகாய் கசந்தது. அத்தை பழத்தை நறுக்கியதும் உப்பில் பிசறி வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். பூசை முடித்து, யாரோடாவது தொலைபேசியில் பேசிவிட்டு, மறுநாள்தான் அதைத் தொடுவார். இதை அவர் சொல்லவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அது வேலையே இல்லை, சும்மா இருப்பது. சமையற்குறிப்புகளில் பெரும்பாலும் காணாமற்போவது இந்தச் சும்மா இருக்கும் நேரம்தான். அதனால் கைபேசியில் படம் பிடிப்பவர்கள், அவர் அடுப்பை அணைத்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் வந்திருக்கிறது. தம்பி ஒருவர் – பொறியாளர், பெயர் சொல்லவில்லை – தம் அம்மா சொன்ன ‘கம்பிப் பதம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘110 டிகிரி செல்சியஸ்’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். தம்பி, எண் சரிதான். சர்க்கரைப் பாகு கம்பிப் பதத்துக்கு வருவது கடல் மட்டத்தில் 106 முதல் 112 டிகிரிக்குள். ஆனால் உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் சூடு இறங்கிக்கொண்டே போகும். தோராயமாக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. டென்வர் நகரம் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரிக்குள் கொதித்துவிடும். அங்கிருக்கும் நம்மவர் உங்கள் எண்ணை நம்பி 110 வரை காத்திருந்தால் பாகு கம்பியைத் தாண்டி உருட்டுப் பதத்துக்குப் போயிருக்கும். அவர் உங்கள் எண்ணிலிருந்து ஐந்து டிகிரியைக் கழித்துக்கொள்ள வேண்டும். பாகில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் விஷயம். இரண்டு விரலுக்கு நடுவே இழுபடும் கம்பி அதை எந்த மலையில் ஏறி நின்றாலும் சரியாகச் சொல்லிவிடும். உங்கள் அம்மாவின் சொல் உங்கள் வெப்பமானியைவிட நன்றாகப் பயணம் செய்கிறது. இரண்டையும் எழுதுங்கள், சொல்லை அழிக்காதீர்கள்.

ஆகவே அச்சில் இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்: மேலே அவர்கள் சொன்னது சொன்னபடி, கொச்சையும் குழப்பமும் உட்பட. கீழே நாம் அளந்தது. ஒன்றுக்குள் ஒன்றைக் கலக்க வேண்டாம். நாஜிகளின் தெரேசின் முகாமில் பட்டினி கிடந்த யூதப் பெண்கள் தங்கள் வீட்டுப் பலகாரக் குறிப்புகளை நினைவிலிருந்து எழுதிவைத்தார்கள். அந்தத் தாள்கட்டைத் தம் மகளிடம் சேர்க்கும்படி நண்பரிடம் ஒப்படைத்த தாய் 1944-இல் முகாமிலேயே இறந்துபோனார். நியூயார்க்கில் மகள் கைக்கு அது போய்ச் சேர ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆயின. 1996-இல் அது புத்தகமானது. சில குறிப்புகளில் பொருள் விடுபட்டிருக்கிறது, சிலவற்றில் செய்முறை பாதியில் நிற்கிறது. விடுபட்டதை நிரப்பாமல் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகுதான் அம்மாவின் நோட்டில் நான் செய்திருந்த திருத்தங்களை அழித்தேன்.

வேண்டுமென்றே விடப்பட்ட பொருள் என்று ஒன்றும் உண்டு. மருமகளுக்குச் சொன்ன குறிப்பில் இல்லாதது மகளுக்குச் சொன்னதில் இருக்கும். இந்தப் புத்தகத்தால் எந்த வீட்டிலும் சண்டை வரக் கூடாது என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை. ஒரே குறிப்பு இரண்டு விதமாக வந்தால் இரண்டையும் போடுவேன்.

அதேபோல, ‘எங்கள் கொள்ளுப்பாட்டி காலத்திலிருந்து’ என்று வந்திருக்கும் இரண்டு குறிப்புகள், பேக்கிங் சோடா டப்பாவின் பின்புறம் அச்சாகும் குறிப்போடு வரிக்கு வரி ஒத்துப்போகின்றன. இதில் வெட்கப்பட ஏதும் இல்லை. அமெரிக்காவில் ஜெர்மன் சாக்லேட் கேக் என்று ஒன்று உண்டு. ஜெர்மனியிலிருந்து வந்ததென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1852-இல் ஒருவகை இனிப்புச் சாக்லேட்டை உருவாக்கியவரின் குடும்பப் பெயர் ஜெர்மன். அந்தச் சாக்லேட்டை வைத்து ஓர் இல்லத்தரசி அனுப்பிய குறிப்பு 1957-இல் டல்லாஸ் செய்தித்தாளில் வெளியாகிப் பரவியது. இப்போது எத்தனையோ வீடுகளில் அது பாட்டி சொத்து. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் தெரிந்ததை எழுதுங்கள், போதும். அச்சான புத்தகங்களிலிருந்து செய்முறையை வரிக்கு வரி எடுத்து எழுதியிருந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள். பொருள்களும் அளவும் எவருக்கும் சொந்தமில்லை என்றாலும், எழுதிய நடை எழுதியவருடையது.

இனி, சிலருக்குப் பிடிக்காத ஒன்று. வந்தவற்றில் மூன்று குறிப்புகளை எச்சரிக்கை இல்லாமல் அச்சிட மாட்டேன். இரண்டு, உரித்த பூண்டை எண்ணெயில் மூழ்க வைத்து அலமாரியில் வைப்பவை. மூன்றாவது, காய்கறியைப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்து எடுப்பது. மண்ணில் இருக்கும், உணவை நஞ்சாக்கும் பாட்டுலிசக் கிருமியின் வித்துக்கள் 100 டிகிரியில் சாவதில்லை. அவற்றை அழிக்க அழுத்தக் கலத்தில் 116 முதல் 121 டிகிரி வரை வேண்டும். புளிப்புக் குறைந்த, காற்றுப் புகாத இடம் அவற்றுக்கு உகந்தது. எண்ணெய்க்குள் கிடக்கும் பூண்டு அப்படிப்பட்ட இடம். மணமோ நிறமோ மாறி நம்மை எச்சரிக்கும் என்று நம்ப முடியாது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் ஊறிய பூண்டினால் 36 பேர் நோயுற்றார்கள். செய்தால் குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

‘பாட்டி காலமெல்லாம் செய்தார், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று பதில் எழுதக் கிளம்புகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாட்டி கொஞ்சமாகச் செய்தார். கூட்டுக்குடும்பம் அந்த வாரமே துடைத்து வைத்தது. நாம் புட்டி புட்டியாக அடைத்து, விமானத்தில் ஏற்றி, ஆறு மாதம் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். பாட்டியின் குறிப்பில் அந்த ஆறு மாதம் இல்லை.

பழைய நோட்டுகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கங்களைப் பிய்த்து லேமினேட் செய்துவிடாதீர்கள். அந்தச் சூடு காகிதத்தைக் கெடுக்கும், ஒட்டிய படலத்தைப் பிறகு பிரிக்க முடியாது. சன்னல் ஓரத்தில் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். மங்கிய பென்சில் எழுத்தின் பள்ளம்கூடத் தெரியும். இடையில் செருகியிருக்கும் செய்தித்தாள் துண்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள், அவற்றின் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். எண்ணெய்க் கறையைத் துடைக்க வேண்டாம். எந்தப் பக்கம் அதிகம் சமைக்கப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

கடைசியாக, மெல்போர்னில் இருக்கும் சித்திக்கு. உங்கள் குறிப்பில் ஏழு இடத்தில் ‘அந்தப் பித்தளைக் குவளையால்’ என்று வருகிறது. குவளை இன்னும் உங்களிடம் இருக்கிறது என்று உங்கள் மகள் சொன்னார். அதை வெறுமையாக ஒரு முறை, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி ஒரு முறை எடை போடுங்கள். தண்ணீரின் எடை எத்தனை கிராமோ, குவளை ஏறக்குறைய அத்தனை மில்லி. அந்த ஓர் எண் வந்துவிட்டால் உங்கள் குறிப்பை முப்பதாவது வீட்டிலும் சமைத்துவிடலாம். குவளையின் படத்தையும் அனுப்புங்கள். அடியில் நசுங்கல் இருக்கிறதாமே, அதுவும் தெரியும்படி.