கையால் செய்த நன்றி அட்டை: யாருக்குக் கொடுத்தீர்கள், என்ன நடந்தது?

மதுரைக்காரி

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாள் நெருங்கியதும், வார்டில் பார்த்துக்கொண்டவர்களுக்கு என்ன கொடுப்பது என்று பேச்சு வந்தது. ஸ்வீட் பாக்ஸ் வாங்கிவிடலாம் என்றார் அண்ணன். நான் அதோடு ஆளுக்கொரு அட்டையும் செய்தேன். பீரோவில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகள் கைகொடுத்தன. நல்ல கெட்டி அட்டை, பொன் ஓரம், சிலவற்றில் மயில், சிலவற்றில் தாமரை. வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டினால் அத்தனை அழகு. சாமி படத்தில் மட்டும் கத்தரி வைக்கவில்லை, அம்மா வருத்தப்படுவார்.

நர்ஸ்களுக்குச் சீக்கிரம் எழுதிவிட்டேன். வார்டைக் கூட்டித் துடைக்கும் அக்காவுக்குத்தான் நிறைய யோசித்தேன். ‘தங்கள் சேவைக்கு நன்றி’ என்று எழுத மனம் வரவில்லை. அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். கடைசியில் இப்படி எழுதினேன்: ‘ராத்திரி வலி தாங்காம அம்மா அழுதப்ப, மாப்பைச் சுவத்துல சாய்ச்சு வச்சுட்டு வந்து கையைப் பிடிச்சுக்கிட்டீங்க. உங்க ஊர்த் திருவிழாக் கதை சொன்னீங்க. அம்மா அந்தக் கதையைத்தான் வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க.’ மேலே அவர் பெயர்.

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். “நீயே படிச்சுக் காட்டு தாயி” என்றார். படித்தேன். “இதுல எம்பேரு எது?” என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஸ்வீட்டை அங்கேயே எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். அட்டையை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, “எம்மக வந்ததும் அவளையும் படிக்கச் சொல்லணும்” என்றார்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். எழுதுங்கள்.

சாக்பீஸ்

பட்டுக்கோட்டைப் பக்கம் தொடக்கப் பள்ளி ஆசிரியர் நான். ராதாகிருஷ்ணன் பிறந்த நாளை 1962இலிருந்து ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். செப்டம்பர் 5 வந்தால் எங்கள் மேசையில் அட்டைகள் குவியும். ஒரு வருடம் நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம், “எங்களுக்கு வேண்டாம், இந்த வருஷம் சமையல் ஆயாவுக்குச் செய்வோம்” என்றேன். அந்த அம்மா இதே பள்ளியில் படித்தவர். 1982இல் சத்துணவு வந்தபோது தட்டோடு வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகளில் ஒருவர்.

வேலை சுலபம். ஒரு முழு சார்ட்டை மூன்று தடவை பாதி பாதியாக வெட்டினால் எட்டு துண்டு வரும். ஒவ்வொன்றையும் மடித்தால் ஓர் அட்டை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி போஸ்டர் கலரில் தொட்டு வைத்தால் பூ. சாயத்தைத் தட்டில் ஊற்றாமல், நனைத்த பழந்துணியில் ஊறவைத்துத் தொட்டால் அச்சு திட்டுத் திட்டாக வராது.

எழுதுவதில்தான் சிக்கல். எல்லாரும் ‘அறுசுவை உணவளித்த ஆயாவுக்கு நன்றி’ என்றே எழுதினார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர். “ஆயா உனக்குன்னு செஞ்ச ஒண்ணைச் சொல்லு” என்று தனித்தனியாகக் கேட்டேன். அப்புறம் வந்தவை வேறு மாதிரி. ‘எனக்கு மஞ்சக்கரு பிடிக்காது. நீங்க உப்பு மிளகு போட்டுக் குடுத்தீங்க. இப்ப பிடிக்கும்.’ ‘மழையில நனைஞ்சு வந்தப்ப அடுப்புகிட்ட உக்கார வச்சீங்க.’ ஒரு பெண் எழுதியது: ‘எங்க அம்மா வெளியூர்ல வேலை பாக்குது. நீங்க தலை சீவி விட்டது நல்லா இருந்துச்சு.’ எழுத்துப் பிழைகள் நிறைய. சிவப்பு மையை அந்த அட்டைகளின் பக்கம் கொண்டுபோகவே இல்லை.

சமையல்கட்டுச் சுவரில் ஒட்டலாம் என்றோம். புகை படியும் என்று ஆயா மறுத்துவிட்டார். அரிசி மூட்டைகள் இருக்கும் அறையில் சணல் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டார். இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுகிறார்.

பாண்டி காகிதம்

காகிதம், அட்டை விற்கும் கடையில் இருக்கிறேன். எங்கள் ஊரில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959இலிருந்து இருக்கிறது. பருத்தித் துணி வெட்டுகளை அரைத்த கூழில் தாள் எடுக்கிறார்கள். அந்தத் தாளைக் கையில் வாங்கினாலே எழுதத் தோன்றும்.

அட்டை செய்பவர்கள் என்னிடம் கேட்பதைச் சொல்கிறேன். 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) எடுங்கள். நின்று காட்டும், மடிக்கவும் வரும். ஆலைத் தாளுக்கு நார் ஓடும் திசை உண்டு. வெட்டுவதற்கு முன் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் போக்கில் மடித்தால் மடிப்பு வெடிக்காது. மடிக்கும் கோட்டில் முதலில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கீறு. ஃபெவிக்காலை முழுதும் பூசினால் அதிலுள்ள நீர் தாளைச் சுருக்கும். ஓரங்களில் பொட்டுப் பொட்டாக வைத்தால் போதும், இல்லையென்றால் டபுள் சைடு டேப். கைக்காகிதத்தில் ஃபவுண்டன் பேனா மை பரவக்கூடும், ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். பூ ஒட்டுவதானால் காகிதப்பூ எனும் போகன்வில்லாதான் சிறந்தது: நீர்ச்சத்து குறைவு, புத்தகத்துக்குள் வைத்தாலும் நிறம் நிற்கும். மல்லி பழுத்துப்போகும்.

ஒரு பெரியவர் வெற்று அட்டை ஒன்று வாங்கி, அங்கேயே எழுதலாமா என்று கேட்டார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் பேப்பர் வாசித்துக் காட்டிய எதிர்வீட்டுப் பையனுக்காம். பழைய பில்லின் பின்பக்கம் எழுதிப் பார்த்தார், அடித்தார், மறுபடி எழுதினார். கடை சாத்தும் நேரம் வந்துவிட்டது, நான் அவசரப்படுத்தவில்லை. போகும்போது படித்துக் காட்டினார். ‘தம்பி, கிரிக்கெட் ஸ்கோரையும் விடாமல் படித்தாய். எனக்கு அது பிடிக்கும் என்று நான் சொன்னதே இல்லை.’

லைன்மேன் மகள்

வாங்கியவர் பக்கத்துக் கதை இது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன. மற்ற மாவட்டத்து ஊழியர்களையும் டெல்டாவுக்கு அனுப்பினார்கள். ஈரோட்டிலிருந்து போனவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். வண்டி போகாத சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து போனதாகச் சொல்வார்.

ஒரு ஊரில் லைன் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஓடிவந்து அட்டை கொடுத்திருக்கிறாள். நோட்டு அட்டையை வெட்டியது, முன்னால் ஸ்கெட்ச்சில் ஒரு பல்பு. உள்ளே: ‘மாமா, கரண்ட் வந்ததும் முதல்ல பாட்டிக்கு நெபுலைசர் போட்டோம். இப்ப தூங்குறாங்க.’

அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். அந்த அட்டை எல்ஐசி பத்திரங்களோடு இருக்கிறது. பின்னால் ஊர்ப் பெயரும் ‘மாரியம்மன் கோயில் எதிர்வீடு’ என்றும் எழுதியிருந்தாள். பொங்கலுக்கு அப்பாவே ஒரு அட்டை செய்து அந்த விலாசத்துக்கு அனுப்பினார். பதில் வந்தது. பாட்டியும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

புதுசு

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. என் டியூஷன் அக்காவுக்குச் செய்ய வேண்டும். எத்தனை வரி எழுதலாம்?

மதுரைக்காரி

மூணு நாலு வரி போதும்மா. அக்கா உனக்காகச் செய்த ஒரே ஒரு காரியம், அது நடந்த இடம், அதனால் உனக்கு என்ன ஆச்சு. ஏ4 தாளை நாலாக மடித்த அளவு இருந்தால் சாதாரணக் கவரிலேயே போகும். செப்டம்பருக்குத்தான் என்றால் நரம்பிலை அட்டை செய்யலாம். அரசிலை கொஞ்சம் முற்றினதாகப் பறித்துத் தண்ணீரில் ஊறப்போடு. சதை கரைய வாரக்கணக்கில் ஆகும், நாற்றம் வரும், மொட்டைமாடியில் வை, தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு. பிறகு பழைய டூத்பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் நரம்பு மட்டும் நிற்கும். நான் நாளைக்கு ஒரு வாளி போடப்போகிறேன், அந்த வார்டு நர்ஸ் ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது.